வருகைப் பதிவேடு

நாற்பது நாற்காலிகள் தவணையில் வாங்கினேன்.
பதினெட்டாவது தவணை கட்டும்போது
உட்கார ஆள் பதினொன்று.
மற்றவர்கள் ஓசூர் சாலைக் கூடத்துக்குப் போய்விட்டார்கள்.
அங்கே ஏசி உண்டு, பாட்டின் வரிகள் திரையில் ஓடும்,
கார் நிறுத்த இடமும் இருக்கிறது.
போனவர்கள் மேல் கோபமில்லை என்று
பதினொரு பேரிடமும் தனித்தனியே சொன்னேன்.
பன்னிரண்டாவதாக என்னிடம் சொல்லத்தான்
வாய் வரவில்லை.

பொம்மனஹள்ளியில் டயர்க்கடைக்கு மேலே எங்கள் சபை.
ஞாயிறு ஒன்பதுக்கு நான் ஜெபம் தொடங்க
கீழே கம்ப்ரசர் தொடங்கும்.
யார் முதலில் மூச்சுவாங்குவது என்று
எங்கள் இருவருக்கும் போட்டி.

ராஜினாமாக் கடிதம் மூன்று எழுதினேன்.
ஒன்று 'மரியாதைக்குரிய' என்ற சொல்லைத் தாண்டவில்லை.
இன்னொன்றில் உடல்நிலை என்று பொய்.
மூன்றாவது உண்மை, அதனால் கிழித்தேன்.

கடைசியில் நாற்காலிகளை விற்றேன்.
சாமியானா கலீம் பாய் இருபத்தொன்பதை அடுக்கி
லக்கேஜ் ஆட்டோவில் கயிறு கட்டிக்கொண்டே
"சாவு வீடோ கல்யாண வீடோ, சும்மா இருக்காது பாஸ்டர்" என்றார்.
ஆறுதலா வியாபாரமா, தெரியவில்லை.

மேலே வந்து பார்த்தால்
தரை.
இவ்வளவு தரை இருந்ததா இங்கே?

அதைக் கண்ணாலேயே அளந்தவள் எமீமாள்.
டெக் பார்க்கில் இரவெல்லாம் கழிவறை துடைப்பவள்.
அவள் விடுதியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராம்:
பகல் வேலைக்காரி இரவில்,
இரவு வேலைக்காரி பகலில்.
ஆறு நாள் சரி. ஞாயிற்றுக்கிழமை
பகல் வேலைக்காரிக்கு லீவு, கட்டில் காலியாகாது.
"அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல உக்காந்தே தூங்குவோம் ஐயா.
நான் மட்டும் இங்க வந்துடுவேன்."
ஐந்து வருடமாய் முன்வரிசையில் அவள் கண்மூடியிருந்ததை
பக்தி என்று நம்பி
அவளைப் பார்த்தே பிரசங்கித்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு எட்டுப் பேரைக் கூட்டிவந்தாள்.
ஒடியாக்காரிகள், ஜார்க்கண்டிலிருந்து இருவர், ஒரு ராய்ச்சூர்க்காரி.
நெற்றியில் குங்குமம், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.
யாரையும் எதுவும் கேட்கவில்லை நாங்கள்.
துப்பட்டாவை விரித்து
செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு
(எங்கோ களவு கொடுத்த பழக்கம்)
படுத்த உடனே போய்விட்டார்கள்
எங்கள் மொழி எட்டாத ஓர் இடத்துக்கு.

மைக்கை எடுத்தேன். வைத்துவிட்டேன்.
ஞானசிகாமணி தோலக்கை விரல்நுனியால் தொட்டான்.
பத்துப் பேர் உதட்டளவில் பாடினோம்.
பிரசங்கம், இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக,
எனக்கே காது கொடுத்தால்தான் கேட்கும்.
அந்தக் குரலில் யாரையும் மிரட்ட முடியவில்லை.
நரகத்தைச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.
பெரிய சொற்கள் ஒவ்வொன்றாய் எழுந்துபோக
மிஞ்சியவை தண்ணீர், அப்பம், வா, இரு.
இவற்றை வைத்துக்கொண்டு
எவ்வளவு நேரம் பேசலாம்?
ஏழு நிமிடம். அது போதுமாயிருந்தது.

நான்காவது வாரம் நஞ்சுண்டப்பா படியேறி வந்தார்.
வாடகைக்குத்தான். எட்டிப் பார்த்தவர்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.
மறுஞாயிறு பதினோரு மணிவரை
கடை ஷட்டர் தூக்கவில்லை.

சுவரின் வசனத்தாளில்
இளைப்பாறுதல் என்ற சொல்மேல் மழை ஒழுகிய கறை.
எத்தனை முறை விளக்கியிருப்பேன் அதை, கிரேக்க மூலத்தோடு.
கீழே ஒருத்தி
வாயைத் திறந்து குறட்டை விடுகிறாள்.

மாதக் கடைசி. மண்டல அலுவலகப் படிவம்.
ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், புதியவர்கள்.
தூங்கியவர்களை எந்தக் கட்டத்தில் போட?
கேட்கலாமென்றால் எமீமாளும் தூக்கத்தில்.
பேனாவை மூடிவிட்டு
வெளிப்படிக்கட்டில் நின்று கலீமுக்கு போன் செய்தேன்,
சத்தம் உள்ளே போகாமல் கையால் பொத்தியபடி:
"மிச்ச நாற்காலியில் ஆறு எடுத்துக்கறீங்களா?
பதிலுக்குப் பாய் வேணும், பாய்.
ஒரு பத்து,
கோரையானாலும் சரி."